விடியப்புறம் புளிக்கும் இலை: ரணகள்ளியிலும் நாகதாளியிலும் வறட்சியை அளக்கும் செய்முறைக் குறிப்புகள்

ரணகள்ளி இலை ஒன்றை விடியப்புறம் கசக்கி, அந்தச் சாற்றைப் பீஎச் தாளில் ஒரு சொட்டு விட்டால் தாள் செம்மஞ்சளாகும். அதே செடியின் இன்னோர் இலையைப் பின்னேரம் ஐந்தரைக்குக் கசக்கினால் நிறம் மஞ்சளோடு நின்றுவிடும். செடியும் மண்ணும் மாறவில்லை. இடையில் ஒரு பகல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

தென்னிந்தியாவில் கிழக்கிந்தியக் கும்பனி வேலையில் இருந்த பெஞ்சமின் ஹைனே 1813 இல் லின்னேயன் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் இதே செடியைப் பற்றிச் சொல்லியிருந்தார்: காலையில் புளிப்பு, நடுப்பகலில் சுவையில்லை, பின்னேரத்தில் சற்றுக் கசப்பு. அவர் நாக்கால் சோதித்தார். இங்கே யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். ரணகள்ளியில் இதயத்தைத் தாக்கும் பூஃபாடயனோலைட்டுகள் இருக்கின்றன. பீஎச் தாளும் நியமிப்பும் (காரத்தை அளந்து விட்டு அமிலத்தைக் கணக்கிடும் முறை) போதும்.

பாலைவனச் செடிகள் வறட்சிக்கு இரசாயன முறையில் எப்படி முகங்கொடுக்கின்றன என்பதை அறிய மொகாவிக்கோ நமீபுக்கோ போகத் தேவையில்லை. யாழ்ப்பாணம் பாலைவனமல்ல, ஆனால் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்குள் கொட்டி முடிந்துவிடுகிறது. சோளகம் வீசும் மாதங்களில் மணற்காட்டுப் பக்கம் மண் எப்படிக் காயும் என்பது வடமராட்சியாருக்குத் தெரியும். அமெரிக்காவின் வறண்ட நிலத்திலிருந்து வந்த நாகதாளி இங்கே வேலியோரம் நிற்கிறது. கற்றாழை, பிரண்டை, ரணகள்ளி எல்லாம் வளவுக்குள்ளேயே உண்டு.

அளக்கப் போவது இரண்டை. ஒன்று இரவில் சேரும் அமிலம். மற்றது புரோலின் என்ற அமினோவமிலம். இரண்டும் வறட்சியோடு தொடர்புள்ளவை என்றாலும் சொல்லும் சேதி வேறு வேறு. இதைப் பிரித்தறியாமல் தொடங்கினால் கடைசியில் கையில் எண்கள் மிஞ்சும், விளக்கம் மிஞ்சாது.

அமிலம் எங்கிருந்து வருகிறது

மிளகாயும் கத்தரியும் பகலில் இலைவாயைத் திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கின்றன. வெயிலும் காற்றும் கூடிய நேரத்தில் வாய் திறந்தால் நீர் போகத்தான் செய்யும். நாகதாளி, கற்றாழை போன்றவை இரவில் திறக்கின்றன. வெளிச்சம் இல்லாததால் எடுத்த காபனை உடனே வெல்லமாக்க முடியாது. ஆகவே பொஸ்போஈனோல்பைருவேற்றுக் காபொக்சிலேசு என்ற நொதியத்தால் அதைப் பிடித்து, மலிக்கமிலமாக மாற்றிக் கலத்தின் புன்வெற்றிடத்தில் அடைத்து வைக்கின்றன. விடிந்ததும் இலைவாயை மூடிக்கொண்டு, அமிலத்தை வெளியே எடுத்து உடைத்து, வரும் காபனீரொட்சைட்டை ஒளித்தொகுப்புக்குக் கொடுக்கின்றன. இதுதான் கிரசுலேசிய அமில அனுசேபம். சுருக்கமாகக் காம் முறை. விடியற்காலை அமிலத்திலிருந்து அந்தி அமிலத்தைக் கழித்தால், அந்த இரவு எவ்வளவு சேர்த்தது என்பது தெரியும். ஒரு மலிக்கமில மூலக்கூறுக்கு இரண்டு ஐதரசன் அயன். எனவே வித்தியாசத்தை இரண்டால் பிரித்தால் மலிக்கமில அளவு.

சாடிகள்

20 சென்ரிமீற்றர் வாயுள்ள சாடிகள், இனத்துக்கு ஆறு. இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண். தும்புத்தூள் சேர்க்க வேண்டாம். அது நீரைப் பிடித்து வைத்து வறட்சியை நாட்கணக்கில் தள்ளிப்போடும். நிறைய நீர் ஊற்றி, இரவு முழுக்க வடியவிட்டு, காலையில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று சாடிகளை அந்த நிறைக்குக் கிட்ட வைத்திருங்கள். மற்ற மூன்றுக்கும் நீர் நிறுத்தம். இரண்டு நாளைக்கொருமுறை நிறை எடுங்கள். திடீர் மழைக்கு மேலே ஒளிபுகும் பொலித்தீன் கட்டலாம். பக்கங்களைத் திறந்தே விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அவியும்.

மிளகாய் நாற்று இந்த மண்ணில் சில நாட்களிலேயே வாடிவிடும். ரணகள்ளிக்கு இரண்டு மூன்று கிழமை வேண்டும். நாகதாளிக்கு மாதக்கணக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்து ஒப்பிடுவது வீண்வேலை. நாட்களை எண்ணாமல் இலையின் சார் நீரடக்கத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள்: பறித்த நிறையிலிருந்து உலர் நிறையைக் கழித்து, அதை நீரில் ஊறி நிறைந்த நிறைக்கும் உலர் நிறைக்குமுள்ள வித்தியாசத்தால் பிரித்து 100 ஆல் பெருக்க வேண்டும். மெல்லிய இலை வில்லைகளை நான்கு மணித்தியாலம் மிதக்கவிட்டால் நிறையும். ரணகள்ளிக்கு அதைவிடக் கூட நேரம் வேண்டும். உலர்த்த 70 பாகை செல்சியசில் 48 மணித்தியாலம்.

தண்ணீர்: முதல் பொறி

கிணற்றுத் தண்ணீரில் இலையை அவித்தால் செய்முறை அங்கேயே முடிந்தது. குடாநாடு சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையே சாட்சி. அந்தத் தண்ணீரிலுள்ள இருகாபனேற்று, இலையின் அமிலத்தைத் தின்றுவிடும். கணக்குப் போட்டே பார்க்கலாம். தண்ணீரின் காரத்தன்மை லீற்றருக்கு 250 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், அது லீற்றருக்கு 5 மில்லிச் சமவலு (அமிலத்தையும் காரத்தையும் ஐதரசன் அயன் கணக்கில் எண்ணும் அலகு). 50 மில்லிலீற்றரில் 250 மைக்ரோச் சமவலு. 5 கிராம் இலையை அதில் அவித்தால் கிராமுக்கு 50 மைக்ரோச் சமவலு அமிலம் காணாமல் போகும். விடியற்காலை மாதிரியில் பாதி போய்விடும். அந்தி மாதிரிக்கு ஒரு துளி காரம் விடமுன்னரே, காரத்தைக் காட்டும் பீனோத்தலீன் இளஞ்சிவப்பாகிவிடும்.

காய்ச்சி வடித்த நீர் வேண்டும். ஆய்வுகூடம் இல்லாதவர்களுக்குப் பற்றரிக் கடையில் விற்கும் பற்றரித் தண்ணீர் உதவும். ஆனால் போத்தலைக் கவனமாகப் பாருங்கள்: அதே கடையில் பற்றரி அசிட்டும் இருக்கும், அது சல்பூரிக்கமிலம். வாங்கிய நீரில் 50 மில்லிலீற்றரைக் காய்ச்சி, மூடி ஆறவிட்டு, இரண்டு துளி பீனோத்தலீன் சேர்த்து, 0.01 மூலர் காரத்தில் ஒன்றிரண்டு துளிக்கு நிறம் வந்தால் நல்ல நீர். அரை மில்லிலீற்றருக்கு மேல் கேட்டால் வேறு போத்தல் பாருங்கள்.

காரமும் அளவியும்

4.0 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டை ஒரு லீற்றரில் கரைத்தால் 0.1 மூலர். இதைப் பிளாத்திக்குப் போத்தலில் இறுக மூடி வையுங்கள். தேவைப்படும் நாளில் மட்டும் பத்து மடங்கு ஐதாக்கி 0.01 மூலர் ஆக்குங்கள். ஐதான காரம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் குடித்து நாளுக்கு நாள் வலு இழக்கும். சவர்க்காரம் செய்ய விற்கும் கோஸ்டிக் சோடாவும் பரவாயில்லை, அதன் உண்மை வலுவை நியமித்துக்கொண்டால் போதும். நியமிக்கப் பொட்டாசியம் ஐதரசன் தலேற்று 1.02 கிராமை 500 மில்லிலீற்றரில் கரையுங்கள், அது 0.01 மூலர். 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசில் 0.1 கிராமை நிறுத்தால் பத்திலொரு பங்கு பிழை வரலாம், 1.02 கிராமாக நிறுத்தால் பிழை நூற்றுக்கு ஒன்றுக்குள் அடங்கும். அளவி (பியூரெட்டு) இல்லையென்றால் ஊசி கழற்றிய 10 மில்லிலீற்றர் சிரிஞ்சு வேலை செய்யும், துளித்துளியாக விடும் பொறுமை இருந்தால்.

பறித்தல்

ரணகள்ளியில் இலைகள் எதிரெதிராகச் சோடியாக இருக்கும். இது பெரிய வசதி. ஒரு சோடியில் ஓர் இலையை அந்தி ஐந்தரைக்கும், மற்றதை அடுத்த நாள் விடியப்புறம் வெயில் படமுன்னரும் எடுங்கள். முதலில் அந்தி, பிறகு விடியல். அப்போதுதான் இடையிலுள்ளது ஓர் இரவு. நுனியிலிருந்து மூன்றாம் நான்காம் சோடியை எடுங்கள். இளந்தளிரில் காம் முறை இன்னும் ஊன்றியிராது, வித்தியாசம் சின்னதாக வரும். அதைப் பார்த்து வறட்சியின் விளைவு என்று எழுதிவிடக் கூடாது.

பறித்த இலையைப் பையில் போட்டு வெயிலில் கொண்டு திரிந்தால் அமிலம் வழியிலேயே உடைந்துவிடும். நிறுத்தவுடன் கொதிநீரில் போடுவதே நல்லது. முடியாவிட்டால் மீன் பெட்டி ஐஸில் கைப்பிடி உப்புக் கலந்து, மாதிரியைப் பொலித்தீனில் சுற்றி அதற்குள் புதைத்துக் கொண்டு வாருங்கள்.

நாகதாளிக்கு வேறு ஒழுங்கு. கண்ணுக்குத் தெரியாத மயிர்முட்கள் விரலில் ஏறினால் நாள் முழுக்க உறுத்தும். அகலமான ஒட்டு நாடாவை இரண்டு மூன்று முறை ஒட்டி இழுத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். ஒரு சென்ரிமீற்றர் தக்கைத் துளைப்பானால் தட்டையின் முழுத் தடிப்பையும் துளைத்து வில்லை எடுங்கள். ஒரு வில்லைக்கு ஒரு முகத்தின் பரப்பு 0.785 சதுர சென்ரிமீற்றர். விடையைக் கிராமுக்கு எழுதாமல் பரப்புக்கு எழுதுங்கள். அமிலம் சேர்வது பச்சைப் பகுதியில். நடுவிலுள்ள வெள்ளைச் சதை நீர்த் தொட்டி. கோடையில் அந்தத் தொட்டி வற்றும்போது கிராமுக்கு எழுதிய எண் தானாக ஏறும்.

கற்றாழையை முதல் செய்முறைக்கு எடுக்க வேண்டாம் என்பதே எமது கருத்து. வெட்டிய இடத்தில் வடியும் மஞ்சள் பால் காரத்தில் செந்நிறமாகும். பீனோத்தலீனின் நிறமாற்றத்தோடு அது கலந்து முடிவுப் புள்ளியைப் பிடிக்க விடாது. எடுத்தே ஆகவேண்டுமென்றால் இலையை வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால் மணித்தியாலம் நிறுத்திப் பாலை வடித்துவிட்டு, தோலோடு சேர்ந்த பச்சைப் பகுதியை மட்டும் சீவி எடுங்கள். பீஎச் மானி இருந்தால் நிறத்தை நம்பாமல் 8.3 வரை நியமிக்கலாம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி பக்கம் போகவே வேண்டாம்: அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அவித்தலும் நியமிப்பும்

5.0 கிராம் இலையை நறுக்கி, 40 மில்லிலீற்றர் நீரில் 15 நிமிடம் மெதுவாகக் கொதிக்க விடுங்கள். வடித்து, சக்கையைச் சிறிது நீரால் கழுவிச் சேர்த்து, ஆறிய பின் சரியாக 50 மில்லிலீற்றராக்குங்கள். அதில் 10 மில்லிலீற்றரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, மூன்று துளி பீனோத்தலீன் விட்டு, அரை நிமிடம் நிலைக்கும் இளஞ்சிவப்பு வரும்வரை காரம் விடுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். சாறு பழுப்பாக இருந்தால் குடுவையில் எடுத்த பிறகு இன்னும் 20 மில்லிலீற்றர் வடிநீர் ஊற்றி ஐதாக்கலாம். அமிலத்தின் மொத்தம் மாறாது, நிறம் தெளியும்.

இந்த அளவுகளுக்கு ஒரு வசதி உண்டு. 0.01 மூலர் காரத்தில் ஒவ்வொரு மில்லிலீற்றரும் கிராம் இலைக்கு 10 மைக்ரோச் சமவலு. விடியலில் 9.6 மில்லிலீற்றர், அந்தியில் 1.4 மில்லிலீற்றர் என்று வைத்தால், 96 இலிருந்து 14 போக 82. மலிக்கமிலம் 41 மைக்ரோமூல். அந்தி எண் பூச்சியமாக வராது. சிற்றிக்கமிலம் போன்ற மற்ற அமிலங்கள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஒப்பீட்டுக்கு ஒரு செவ்வரத்தை இலையையும் அவித்துப் பாருங்கள். அதன் அந்தி எண்ணும் விடியல் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும்.

நாகதாளிச் சாறு கொழகொழவென்று வடிதாளில் நின்றுவிடும். வடிதாளோடு மல்லுக்கட்டாமல் பழைய பருத்தி வேட்டித் துணியால் வடித்து, ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் அடைய விட்டு மேல்நீரை எடுங்கள்.

மூன்று நிலைகள்

நீர் நிறுத்திய முதல் நாட்களில் ரணகள்ளியின் விடியல் அமிலம் குறையாது, கூடவும் செய்யலாம். பகலில் சற்றாவது திறந்திருந்த இலைவாய்கள் இப்போது மூடிக்கொள்கின்றன, இரவு வேலை கூடுகிறது. அடுத்த கட்டத்தில் வித்தியாசம் மெல்ல இறங்கத் தொடங்கும். கடைசியில் விடியல் எண்ணும் அந்தி எண்ணும் நெருங்கிவிடும்.

இந்தக் கடைசி நிலையைப் பார்த்துச் செடி செத்தது என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. செடி இலைவாயை இரவிலும் திறக்காமல், தன் சுவாசத்தில் வரும் காபனீரொட்சைட்டையே திரும்பத் திரும்பப் பிடித்து அமிலமாக்கி, பகலில் உடைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வளர்ச்சி இல்லை, ஆனால் நீரும் போகவில்லை. கலிபோர்னியப் பாலைவனத்தின் நாகதாளி இனமான ஒபுன்சியா பசிலாரிசில் இந்த நடத்தையை 1973 இல் வெளியான ஆய்வு காட்டியது. உயிர் இருக்கிறதா என்று அறிய எளிய வழி: சாடிக்கு நிறைய நீர் ஊற்றிச் சில நாட்கள் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் திரும்பி வந்தால் செடி காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

இரவுச் சூட்டையும் குறித்து வைக்க வேண்டும். வைகாசிப் புழுக்கத்தில் சேரும் அமிலம் தை மாதத்தின் குளிரான இரவில் சேர்வதைவிடக் குறையும். சூடான இரவில் சுவாசம் கூடுகிறது, புன்வெற்றிடத்திலும் அமிலம் நன்றாக அடைபட்டு நிற்காது. தையில் எடுத்த எண்ணையும் வைகாசியில் எடுத்ததையும் வறட்சி என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதினால் அது வெப்பநிலையின் கதையாகத்தான் இருக்கும்.

புரோலின்: இது வீட்டு வேலை அல்ல

1954 இல் வாடிய புல்லில் புரோலின் குவிவது கவனிக்கப்பட்டது. மண் காய்வதை உணர்ந்த செடியில் அப்சிசிக்கமிலம் என்ற ஓமோன் கூடுகிறது. அது இலைவாயின் இருபக்கக் காவற்கலங்களிலிருந்து பொட்டாசியம் அயன்களை வெளியேறச் செய்து இலைவாயை மூடுகிறது. புரோலின் ஆக்கும் நொதியத்தின் மரபணுவையும் தூண்டுகிறது. குளூற்றமேற்றிலிருந்து உண்டாகும் புரோலின் குழியவுருவில் சேர்ந்து நீரைப் பிடித்துவைக்கிறது. எவ்வளவு கூடினாலும் புரதங்களைக் குழப்பாது என்பதே அதன் சிறப்பு. அப்சிசிக்கமிலத்தை அளக்க விலைகூடிய கருவிகள் தேவை. புரோலினை ஒரு நிறமானியால் அளக்கலாம். 1973 இல் பேற்ஸ் குழு வெளியிட்ட, புரோலினோடு நிறம் தரும் நின்ஹைட்ரின் என்ற பொருளைக் கொண்ட முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பனி அசற்றிக்கமிலமும் தொலுயீனும் புழங்குவதால் புகைபோக்கி அறை கட்டாயம்.

சோதனைப்பொருள்: நின்ஹைட்ரின் 1.25 கிராம், பனி அசற்றிக்கமிலம் 30 மில்லிலீற்றர், 6 மூலர் பொஸ்போரிக்கமிலம் 20 மில்லிலீற்றர். கடையில் வரும் 85 வீதப் பொஸ்போரிக்கமிலத்தில் 8.2 மில்லிலீற்றரை நீரில் மெதுவாக ஊற்றி 20 ஆக்கினால் அந்த 6 மூலர். இளஞ்சூட்டில் கலக்கிக் கரையுங்கள். குளிரில் ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் புதிதாகச் செய்யுங்கள்.

0.5 கிராம் இலையை 3 வீத சல்போசலிசிலிக்கமிலம் 10 மில்லிலீற்றரில் அரைத்து வடியுங்கள். வடிந்ததில் 2 மில்லிலீற்றர், சோதனைப்பொருள் 2, பனி அசற்றிக்கமிலம் 2, கொதிநீர்த் தொட்டியில் ஒரு மணித்தியாலம், உடனே ஐஸில். அடுப்பை அணைத்து அப்புறப்படுத்திய பிறகே தொலுயீன் 4 மில்லிலீற்றர் சேர்த்து 20 செக்கன் குலுக்குங்கள். மேலே மிதக்கும் செந்நிறப் படையை 520 நனோமீற்றரில் வாசியுங்கள். படை கலங்கியிருந்தால் உள்ளே நீர்த் துளிகள் நிற்கின்றன. நீரற்ற சோடியம் சல்பேற்று ஒரு சிட்டிகை போட்டால் தெளியும். கலங்கலோடு வாசித்தால் எண் கூடிக் காட்டும்.

வாசிப்பைப் புரோலின் அளவாக மாற்றும் நியம வளையிக்கு மில்லிலீற்றருக்கு 0, 5, 10, 20, 40 மைக்ரோகிராம் புரோலின் கரைசல்களை இதே படிகளால் நடத்துங்கள். வளையியில் 23 என்று வந்தால், 10 மில்லிலீற்றரில் 230 மைக்ரோகிராம். மூலர் திணிவு 115.13 ஆல் பிரித்தால் 2.0 மைக்ரோமூல், 0.5 கிராமால் பிரித்தால் கிராமுக்கு 4.0.

இந்த 4.0 ஐ அப்படியே நம்பக் கூடாது. நூற்றுக்கு 90 நீருள்ள இலையின் ஒரு கிராமில் உலர்பொருள் 0.1 கிராம். அதே இலை வாடி 80 வீத நீருக்கு வந்தால், ஒரு கிராமில் உலர்பொருள் 0.2 கிராம். செடி ஒரு துளி புரோலினும் புதிதாக ஆக்காமலே எண் இரட்டிப்பாகும். ஆகவே உலர் நிறைக்கு மாற்றி எழுதாத எந்தப் புரோலின் அட்டவணையையும் ஏற்க வேண்டாம், மாணவர் செய்திட்டமானாலும் சரி.

மிளகாய் நாற்றில் வாட்டத்தோடு புரோலின் தெளிவாக ஏறும். நீர் ஊற்றி 24 மணித்தியாலம் கழித்தும் ஒரு மாதிரி எடுங்கள். இழைமணி அதை எரித்துத் தீர்ப்பதால் எண் இறங்கத் தொடங்கியிருக்கும். நாகதாளியில் அதே நாட்களில் பெரிதாக ஒன்றும் அசையாது. அது வறட்சியை உணரவில்லை என்பதல்ல காரணம். நீர்த் தொட்டி இருப்பதால் பச்சைக் கலங்கள் இன்னும் வாடவில்லை. மிளகாய் வாட்டத்துக்குள் நின்று தாக்குப்பிடிக்கப் பார்க்கிறது, நாகதாளி வாட்டத்தைக் கிட்ட வரவே விடாமல் பார்த்துக்கொள்கிறது. அமில எண்ணும் புரோலின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இது பிடிபடும்.

கடனீரேரிக் கரை உமரியையும் இதே முறையில் பார்க்க ஆசைப்படுவோருக்கு ஒன்று. உமரி இனங்கள் புரோலினைவிட, அதே வேலையைச் செய்யும் கிளைசீன் பீற்றேயின் என்ற பொருளை நம்பி வாழ்கின்றன. பாலைவன உப்புச்செடியான அட்ரிப்பிளெக்சும் அப்படித்தான். பீற்றேயின் நின்ஹைட்ரினுக்கு நிறம் தராது. சோதனைக்குழாய் வெளிறி நின்றால் உமரி சும்மா இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்த கோடைக்கு எடுத்துப் பார்க்க ஏற்றது பருப்புக்கீரை. நீர் இருக்கும்போது சோளத்தைப் போல நான்கு காபன் வழியில் ஒளித்தொகுப்பு நடத்தும் அந்தக் கீரை, காய்ந்ததும் காம் முறைக்குத் திரும்புகிறது. நீர் கிடைத்ததும் பழைய வழிக்கு வருகிறது. இலை சிறியது, 5 கிராம் சேர்க்க நிறையக் கொய்ய வேண்டும்; அதனால் சாடிக்குப் பதில் நீளமான தட்டில் நெருக்கி விதையுங்கள். நீர் நிறுத்திய மூன்றாம் நாளிலிருந்து நாள்தோறும் அந்தியும் விடியலும் மாதிரி எடுத்தால், வித்தியாசம் எந்த இரவில் எழும்புகிறது என்பதைப் பிடிக்கலாம்.